இரண்டாம் புண்: அறுவை மருத்துவம் மென்மை கற்ற வரலாறு

வெட்டுண்ட இடத்தில் குருதி உறைந்து வாயை அடைக்கிறது. வெள்ளணுக்கள் திரண்டு வந்து, சிதைந்த திசுவையும் புகுந்த கிருமிகளையும் அகற்றுகின்றன. நுண்ணிய குருதிக்குழாய்கள் புதிதாக அரும்புகின்றன. தோல் இரு கரைகளிலிருந்தும் வளர்ந்து நடுவிற் கூடுகிறது. இவை யாவும் எவருடைய கட்டளைக்கும் காத்திராமல் உடல் தானே செய்துகொள்ளும் பணிகள். அறுவை மருத்துவர் செய்யக்கூடியதெல்லாம் அப்பணிக்கு வழிவிட்டு, இடையூறு நேராமல் காப்பதே.

இன்று இது எளிய உண்மையாகத் தோன்றும். ஆயினும் மேலை நாட்டு அறுவை மருத்துவம் இதனை முழுமையாக உணர நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. நோயோ போரோ உண்டாக்கும் முதற் புண் ஒன்று. மருத்துவரின் மருந்தும் கருவியும் கையும் சேர்ந்து உண்டாக்கும் இரண்டாம் புண் மற்றொன்று. இவ்விரண்டாம் புண்ணைக் கண்டுகொண்டவர்கள் யார், கண்டபின் அதனை எவ்வாறு குறைத்தார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியப் போர்க்களங்களில் துப்பாக்கி பெருகியது. குண்டு பாய்ந்த புண்கள் வாளால் வெட்டிய புண்களைப்போல் ஆறாமல் அழுகின. வெடிமருந்து நஞ்சுடையது, அந்நஞ்சே புண்ணைக் கெடுக்கிறது என்று இத்தாலிய அறுவை மருத்துவர் ஜொவான்னி த விகோ தம் நூலில் எழுதியிருந்தார். நஞ்சை எரித்தழிக்க அவர் கூறிய வழி, எல்டர் என்னும் செடியின் எண்ணெயைக் கொதிக்கக் காய்ச்சிப் புண்ணுக்குள் ஊற்றுவது. ஆடையில் தீப்பொறி பட்டாலே துடிக்கும் உடல் இதனை எவ்வாறு தாங்கியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவும் கூடவில்லை. ஆனால் அந்நூல் புகழ்பெற்ற நூல். அதன் சொல்லை மறுப்பார் இலர்.

அந்நாளில் பிரான்சு நாட்டுப் படையுடன் இத்தாலிக்குச் சென்றவர் அம்புரோவாசு பாரே என்னும் இளைஞர். அவர் பல்கலைக்கழகத்தில் இலத்தீன் பயின்ற மருத்துவர் அல்லர். முடிதிருத்தலையும் புண் வைத்தியத்தையும் ஒருசேரச் செய்யும் நாவிதர் வகுப்பைச் சார்ந்தவர். நம் ஊர்களிலும் முடிதிருத்தும் மரபினரே புண்ணுக்கு மருந்திட்டனர் என்பதையும், அவர்தம் இல்லத்துப் பெண்டிரே மகப்பேறு பார்த்தனர் என்பதையும், அதனாலேயே அவர்கள் மருத்துவர் எனப் பெயர் பெற்றனர் என்பதையும் முதியோர் அறிவர். பாரே பாரிசின் பெரிய மருத்துவமனையில் சில ஆண்டுகள் பணி பழகியிருந்தார். எனினும் குண்டு பாய்ந்த புண்ணை அதற்கு முன் அவர் கண்டதில்லை. நூலில் உள்ளவாறும், உடனிருந்த மூத்தோர் செய்தவாறும், அவரும் எண்ணெயைக் காய்ச்சி ஊற்றினார்.

தூரின் நகரை ஒட்டிய போரில், 1537 வாக்கில், காயமுற்றோர் மிகுந்தனர், எண்ணெய் தீர்ந்துபோயிற்று. வேறு வழியின்றி முட்டையின் மஞ்சட் கரு, ரோசா எண்ணெய், டர்ப்பன்டைன் ஆகியவற்றைக் கலந்து, எஞ்சியோரின் புண்களில் தடவிக் கட்டினார். அன்றிரவு அவருக்கு உறக்கமில்லை. எண்ணெய் ஊற்றாத காரணத்தால் நஞ்சேறி அவர்கள் விடிவதற்குள் இறந்திருப்பரோ என்னும் அச்சம் அவரை வாட்டியது. பொழுது புலருமுன் எழுந்து காயமுற்றோரைக் காணச் சென்றார். கலவை தடவப்பெற்றோர் இரவில் ஓரளவு உறங்கியிருந்தனர். அவர்களுக்கு வலி குறைவு, புண்ணில் வீக்கமும் இல்லை. கொதிக்கும் எண்ணெய் பெற்றவர்களோ காய்ச்சலுடன் துடித்துக்கொண்டிருந்தனர். அவர்தம் புண்களைச் சுற்றிலும் வீக்கம் கண்டிருந்தது. குண்டடிபட்டோரை இனி ஒருபோதும் இவ்வாறு கொடுமையாகச் சுடுவதில்லை என்று அன்று காலையிலேயே அவர் உறுதி பூண்டார்.

இந்நிகழ்ச்சியைத் தற்செயல் என்று கூறி ஒதுக்குவாரும் உளர். எண்ணெய் தீர்ந்தது தற்செயலே. ஆனால் உறக்கமின்றி எழுந்து சென்று இரு சாராரையும் ஒப்பிட்டுப் பார்த்ததும், கண்டதை நூலினும் மேலானதாகக் கொண்டதும் தற்செயல் ஆகா. அவர் இவ்வழக்கத்தைப் பிறிதோரிடத்தும் கைக்கொண்டார். தீப்புண்ணுக்கு உப்புடன் நசுக்கிய வெங்காயத்தை வைத்தால் கொப்புளம் எழாது என்று ஒரு நாட்டுப்புற மூதாட்டி கூறக் கேட்டிருந்தார். பின்னர், வெடிமருந்து பற்றி முகம் வெந்த செருமானிய வீரன் ஒருவனுக்கு முகத்தின் ஒரு பாதியில் வெங்காயத்தையும், மறு பாதியில் வழக்கமான மருந்தையும் இட்டு, எப்பக்கம் நன்றாக ஆறுகிறது என்று பார்த்தார். மூதாட்டி சொல்லை ஏளனம் செய்யவுமில்லை, ஆராயாமல் ஏற்கவுமில்லை. இக்காலத்தில் ஒப்பீட்டு ஆய்வு என்று நாம் பெருமையுடன் கூறுவதன் வித்து இதுவே என்பேன்.

1545இல் தம் பட்டறிவைப் பிரெஞ்சு மொழியிலேயே நூலாக வெளியிட்டார். பின்னர்க் கை கால் துண்டிக்கும்போது, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் குருதியை நிறுத்தும் வழக்கத்தையும் விடுத்து, குருதிக்குழாயை நூலாற் கட்டும் முறையைக் கையாண்டார். பாரிசு மருத்துவப் பேரவையினர் இலத்தீன் அறியாதவர் என்று அவரை இகழ்ந்தனர். பிரான்சின் அரசர் நால்வர் அடுத்தடுத்து அவரைத் தம் அறுவை மருத்துவராக வைத்துக்கொண்டனர்.

அதன்பின் மூன்று நூற்றாண்டுகளை விரைவாகவே கடந்துவிடலாம். அக்காலத்தில் அறுவை மருத்துவரின் கருணை விரைவில் இருந்தது. மயக்க மருந்து இல்லாதபோது கத்தி ஒரு நொடி கூடுதலாக உடலில் இருப்பதும் கொடுமையன்றோ? இலண்டனில் இராபர்ட்டு லிசுட்டன் காலைத் துண்டிக்கும் வேகத்தைக் கடிகாரம் வைத்துக் கணக்கிட்டனர். அவ்வேகத்தில் திசுவைப் பார்த்துப் பிரிக்கவும், நரம்பை விலக்கி வைக்கவும், குருதி கசியும் ஒவ்வோர் இடத்தையும் தேடிக் கட்டவும் வாய்ப்பில்லை. 1846 அக்டோபர் 16ஆம் நாள் பாசுடன் நகரில் ஈதர் மயக்கத்தில் அறுவை செய்து காட்டப்பட்டபோது, நோயாளியின் வலி மட்டும் நீங்கவில்லை. மருத்துவருக்கு முதன்முறையாக நேரமும் கிடைத்தது. அந்நேரத்தை எவ்வாறு பயன்படுத்துவது என்பதைக் கற்க மேலும் நாற்பது ஆண்டுகள் தேவைப்பட்டன.

இடையில் கிருமிகளை வெல்ல வேண்டியிருந்தது. கிளாசுகோவில் யோசப்பு லிசுட்டர் 1865 முதல் கார்பாலிக் அமிலத்தைப் புண்களில் இட்டு, எலும்பு முறிந்து தோல் கிழிந்த நோயாளிகளின் காலையும் உயிரையும் காத்தார். அவர் செய்த நன்மை அளவிடற்கரியது. ஆயினும் கார்பாலிக் அமிலம் கிருமியை மட்டும் தேர்ந்து கொல்வதில்லை. புண்ணின் உயிருள்ள திசுவையும் அது அரித்தது, மருத்துவர் செவிலியரின் கைகளையும் புண்ணாக்கியது. காற்றிலுள்ள கிருமிகளுக்காக அறையெங்கும் அவ்வமிலத்தைத் தெளித்து வந்த லிசுட்டர், பின்னர் அதனைக் கைவிட்டு, முன்னர் அதனைப் பரிந்துரைத்தமைக்கு 1890இல் வெளிப்படையாகவே நாணினார்.

அக்காலத்தில்தான் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், 1889இல் திறக்கப்பட்ட யான்சு ஆப்கின்சு மருத்துவமனையில், வில்லியம் ஆல்சுடெடு தம் பணியைத் தொடங்கினார். 1852இல் நியூயார்க்கில் பிறந்த அவர் இளமையில் மிகுந்த வேகமும் துணிவும் உடைய அறுவை மருத்துவராய் இருந்தவர். கோக்கெயினைத் தோலின்கீழ் ஏற்றி நரம்பை மரக்கச் செய்யும் முறையை 1884 அளவில் தம் உடலிலேயே சோதித்துப் பார்த்து, அம்மருந்துக்கே அடிமையானார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றுப் பால்டிமோருக்கு வந்தவர், பழைய வேகத்தை விடுத்த வேறொரு மனிதராகவே இருந்தார். அவர் அறுவை செய்து முடிப்பதற்குள், முதலில் கீறிய முனை ஆறிவிடும் என்றொரு கேலிக்கதை மருத்துவர் வட்டாரத்தில் வழங்குவதுண்டு.

அந்த நிதானத்துக்குக் காரணம் உண்டு. பருமனான கவ்வியால் குருதிக்குழாயைப் பிடிக்கும்போது, அதனுடன் சுற்றியுள்ள சதையும் ஒரு பிடியளவு நசுங்குகிறது. அதனை ஒன்றாகச் சேர்த்துக் கட்டினால், கட்டுக்குள் அகப்பட்ட சதை குருதியின்றிச் சாகிறது. செத்த சதை கிருமிக்கு உணவு. ஆகவே அவர் கூரிய நுண்முனையுடைய கவ்விகளைக் கொண்டு குழாயை மட்டும் பிடித்தார்; மெல்லிய பட்டு நூலால் மட்டும் கட்டினார். தோலின் கரைகளை இழுத்துப் பிடித்துத் தைத்தால் அவ்விடத்துக் குருதியோட்டம் தடைப்படும் என்பதால், இழுவிசையின்றிப் பொருந்துமாறு தைத்தார். உள்ளே வெற்றிடம் விட்டால் அதில் குருதியும் நீரும் தேங்கும் என்பதால், அடுக்கடுக்காக மூடினார். குடலைத் தைக்கும்போது ஊசி எவ்வடுக்கைப் பற்றினால் தையல் பிரியாது என்பதையும் ஆராய்ந்து, உட்சவ்வுக்கு அடியிலுள்ள உறுதியான மெல்லிய அடுக்கே அது என்று 1887இல் எழுதினார். அவ்வுண்மை நாய்களை அறுத்துச் செய்த சோதனைகளால் கிட்டியது. உயிர்க்கொலைக்கு அஞ்சும் நம்மனோர் படிக்கும் இம்மலரில் அவ்வுயிர்கள் பட்ட துன்பத்தை மறைத்து எழுதுதல் முறையன்று.

இரப்பர் கையுறையும் அவரது அறுவை அறையில்தான் வேரூன்றியது; அதன் தோற்றம் ஒரு பெண்ணின் கைப்புண். கிருமி நீக்கும் பாதரசக் கரைசலில் நாள்தோறும் கை நனைத்த தலைமைச் செவிலியர் கரோலின் ஆம்ப்டனின் தோல் வெடித்துப் புண்ணாயிற்று. ஆல்சுடெடு குட்இயர் இரப்பர் நிறுவனத்தைக் கொண்டு மெல்லிய கையுறைகளைச் செய்வித்துத் தந்தார். 1890இல் அவரையே மணந்தார். மருத்துவர் கையைக் காக்க வந்த உறை, நோயாளியின் புண்ணையும் காக்கிறது என்பதை அவருடைய உதவியாளர் புளட்குட்டு என்பார் குடலிறக்க அறுவைகளை எண்ணிப் பார்த்து 1899இல் எழுதினார்.

தையல் நூலைப் பற்றி இவ்விடத்தில் ஒரு சொல். அந்நாளில் பெரிதும் வழங்கிய ‘கேட்கட்’ என்னும் நூல் ஆட்டின் குடற்சவ்விலிருந்து செய்யப்படுவது. உடலுக்குள் தானே கரைவது. ஆல்சுடெடு அதனை விடுத்து மெல்லிய பட்டைத் தேர்ந்ததற்குக் காரணம் அருளறம் அன்று. கேட்கட் பருமனானது, திசுவில் அழற்சியை மிகுவிப்பது என்பதே. பட்டும் புழுவைக் கொன்று பெறுவதே என்பதை நாம் அறிவோம். ஆய்வகத்தில் செயற்கையாக ஆக்கப்பட்ட, உடலில் கரையும் பாலிகிளைகாலிக் அமில நூல் 1970களின் தொடக்கத்தில் வழக்கிற்கு வந்தது. அது கேட்கட்டினும் குறைந்த அழற்சியையே உண்டாக்குவது. அறுவைக்குமுன் தையல் நூல் எதனால் ஆனது என்று மருத்துவரிடம் கேட்டறிய விரும்புவோர் தயங்க வேண்டியதில்லை; பெரும்பாலான அறுவைகளுக்கு இன்று மாற்று நூல் உண்டு.

முதல் உலகப்போர் பழைய பாடத்தை மீண்டும் கற்பித்தது. பிரான்சின் புலோஞ் நகரில், மருத்துவமனையாக மாற்றப்பட்ட ஒரு சூதாட்ட மாளிகையில், ஆம்ரோத்து இரைட்டு என்னும் ஆய்வாளரும் அவர்தம் உதவியாளர் அலெக்சாண்டர் பிளெமிங்கும் பணியாற்றினர். குண்டுச் சிதறலால் கிழிந்த புண்களில் மருத்துவர்கள் கடுமையான கிருமிநாசினிகளைக் குடம் குடமாக ஊற்றினர், புண்களோ அழுகிக்கொண்டேயிருந்தன. பிளெமிங்கு ஒரு கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி, அதன் சுவரில் கூரிய பொந்துகள் பலவற்றை இழுத்தார்; கந்தலான புண்ணின் வடிவம் அதுவே. அதில் கிருமியுள்ள நீரை நிரப்பி, கொட்டி, கிருமிநாசினியால் நிரப்பினார். எத்தனை முறை செய்தும் பொந்துகளின் முனையில் கிருமி உயிரோடிருந்தது. மேலும், அந்நாசினிகள் கிருமிகளைக் கொல்லுமுன் புண்ணில் காவல் நின்ற வெள்ளணுக்களைக் கொன்றன. காவலரைக் கொன்றுவிட்டுக் கள்வரைப் பிடிக்கப் புகுந்த கதைதான். புண்ணை உப்புநீரால் கழுவுங்கள், வெள்ளணுக்களை வேலை செய்ய விடுங்கள் என்று இருவரும் எடுத்துரைத்தனர். களத்து மருத்துவர் பலர் கேட்கவில்லை. ஆயினும் 1928இல் பெனிசிலினைக் கண்டபோது, அது வெள்ளணுக்களுக்குத் தீங்கு செய்கிறதா என்று பிளெமிங்கு தவறாமல் சோதித்துப் பார்த்தமைக்கு வேர் புலோஞ்சில் இருக்கிறது. அது தீங்கு செய்யவில்லை.

இவ்வரலாற்றில் மிகவும் வருந்தத்தக்க முரண் ஆல்சுடெடின் வாழ்விலேயே உள்ளது. திசுவை அவ்வளவு மென்மையாகக் கையாண்ட அதே மனிதர், மார்பகப் புற்றுநோய்க்கு மார்பகத்தோடு மார்புத் தசைகளையும் அக்குளின் நிணநீர்க் கணுக்களையும் ஒருசேர அகற்றும் பெரிய அறுவையை 1894இல் வெளியிட்டார். முற்றிய நிலையில் வந்த பெண்களுக்கு அந்நாளில் வேறு துணை இல்லை. அவ்வகையில் அவரைக் குறைகூற இயலாது. ஆனால் அடுத்த எழுபது ஆண்டுகள், சிறு கட்டியோடு வந்த பெண்களுக்கும் அதே அறுவையைச் செய்தனர். குழிந்த மார்பும் வீங்கிய கையுமாக எண்ணற்ற தாய்மார்கள் எஞ்சிய நாளைக் கழித்தனர். பாரே செய்ததுபோல் இரு சாராரை ஒப்பிட்டுப் பார்க்கும் துணிவு நெடுநாள் எவருக்கும் வரவில்லை. அமெரிக்காவின் பெர்னார்டு பிசர் 1971இல் 1,600க்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்டு அவ்வொப்பீட்டைத் தொடங்கினார். சக மருத்துவர்களின் கடுஞ்சினத்துக்கு ஆளானார். தசையை விட்டுவைத்தோரும் தசையை இழந்தோருக்கு இணையாகவே வாழ்ந்தனர் என்று அவர் ஆய்வு காட்டியது. தொடக்கநிலைக் கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்ச் சிகிச்சை அளித்தாலும் உயிர் காக்கும் பயன் குறைவதில்லை என்பதை இத்தாலியின் உம்பெர்த்தோ வெரொனேசி 1981இலும், பிசர் 1985இலும் நிறுவினர். கையின் மென்மை வேறு, எவ்வளவு வெட்டுவது என்னும் முடிவின் மென்மை வேறு. இரண்டாவதைக் கற்க முதலாவதைவிட நெடுங்காலம் ஆயிற்று.

செருமனியின் கீல் நகரில் 1980இல் குர்ட்டு செம் என்னும் மகளிர் மருத்துவர், வயிற்றைக் கீறாமல் சிறு துளைகளின் வழியே குழலைச் செலுத்திக் குடல்வாலை அகற்றினார். அறுவை மருத்துவச் சங்கத்தின் தலைவரே அவரைப் பணியிலிருந்து நீக்க வேண்டும் என்று எழுதினார். அகற்றப்பட்டது அதே குடல்வால்தான். உள்ளே அறுபட்ட இடமும் அதுவே. குறைந்தது வயிற்றுச் சுவரில் ஏற்படும் காயம் மட்டுமே. அக்காயம் குறைந்ததனால் நோயாளி விரைவில் எழுந்து நடந்தார். இருமினால் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் துன்பமும் குறைந்தது. இன்று நம் நகரங்களில் பித்தப்பையை அகற்ற மூன்று நான்கு துளைகளே போதுமாகின்றன. பெரும்பாலோர் ஓரிரு நாளில் வீடு திரும்புகின்றனர்.