அலங்காரத் துப்பாக்கிகளும் வரலாற்று நினைவும்

ஐரோப்பியப் பழந்துப்பாக்கிகளின் அலங்காரப் பிரதிகள் இன்று உலகச் சந்தையில் விலைபோகும் பண்டங்களுள் ஒன்றாகும். சுவரில் மாட்டவும் மேசையில் வைக்கவுமே அவை செய்யப்படுகின்றன, சுடுவதற்கு உதவா. இவற்றை வெறும் பொழுதுபோக்குப் பொருள்களெனக் கருதி ஒதுக்குதல் எளிது. ஆயின், ஒரு சமுதாயம் தன் கடந்தகாலத்தில் எதனை நினைவிற் கொள்கிறது, எதனை மறக்கிறது என்னும் வினாவுக்கு இவை தக்க சான்றாவன என்பதே எமது கருத்து.

முதலில் மூலப்பொருள்களின் வரலாற்றை நோக்குவோம். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவிற் சக்கரப் பூட்டுத் துப்பாக்கி தோன்றியது. விசையினாற் சுழலும் உருக்குச் சக்கரம் கனிமக் கல்லொன்றில் உராய்ந்து பொறி எழுப்புதலே அதன் இயக்கம். மணிக்கூட்டை ஒத்த நுண்பொறியாதலின் அதன் விலை மிகுதி. எனவே பிரபுக்களும் குதிரைவீரருமே அதனைப் பெரிதும் தாங்கினர். சாதாரண காலாட்படையினன் கையிலிருந்தது மலிவான திரித் துப்பாக்கியே. மான்கொம்பும் தந்தமும் பதித்த நுண்வேலைப்பாடு பெரும்பாலும் முன்னதற்கே வாய்த்தது. அலங்காரம் இங்கு அழகுணர்ச்சியின் வெளிப்பாடு மட்டுமன்று, வர்க்க அடையாளமுமாகும்.

போலி செய்தலும் புதியதன்று. இத்தாலியின் பிரெஸ்சியாவை அடுத்த கார்டோனேயில் துப்பாக்கிக் குழாய் செய்து புகழ்பெற்ற கொமினாசோ குடும்பத்தாரின் பெயரைப் பிறநாட்டுக் கம்மியரும் தம் குழாய்களிற் பொறித்து விற்றனர். கைவினைஞனின் பெயர் வணிகக் குறியாக மாறியமையை இது உணர்த்தும்.

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பிரான்சில் உருப்பெற்ற தீக்கற் பூட்டு, செய்வதற்கு எளிதானது. 18ஆம் நூற்றாண்டின் பர்மிங்ஹாமில் குழாய் செய்வோர், பூட்டுச் செய்வோர், மரக்கட்டை இழைப்போர் எனத் துப்பாக்கித் தொழில் பலவாகப் பிரிந்தது. அங்கு செய்யப்பட்ட மலிவான துப்பாக்கிகள் பெருந்தொகையாக மேற்கு ஆபிரிக்காவுக்கு ஏற்றுமதியாயின. அடிமை வியாபாரத்தில் மனிதருக்கு விலையாகக் கொடுக்கப்பட்ட பொருள்களுள் அவையும் அடங்கும்.

1807இல் ஸ்கொட்லாந்து மதகுரு அலெக்சாந்தர் போர்சித், அடித்தால் வெடிக்கும் இரசாயனப் பொருளாற் துப்பாக்கி மருந்தைப் பற்றவைக்கும் முறைக்கு உரிமம் பெற்றார். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியளவில் ஐரோப்பியப் படைகள் தீக்கற் துப்பாக்கியைக் கைவிட்டன. பயன்பெறுமானம் மறைந்த பொருள் சேகரிப்போரின் கைக்குச் சென்றது. வரலாற்று நாவலாசிரியரான வோல்ற்றர் ஸ்கொற் தமது அபற்ஸ்போர்ட் மாளிகையிற் பழைய ஆயுதங்களைத் திரட்டி வைத்தமை ஈண்டு மனங்கொளத்தக்கது. கைத்தொழிற் புரட்சி உச்சம் பெற்ற அதே காலத்தில், மறைந்த நிலமானிய உலகின் மீது எழுந்த ஏக்கம் நாவலிலும் சுவரிலும் ஒருங்கே இடம்பெற்றது.

மூலப்பொருளை வாங்க வசதியற்றோருக்கு அவ்வேக்கத்தை விற்பதே பிரதியின் பணி. ஸ்பெயினின் மெனோர்க்காத் தீவில் 1966இல் தொடங்கப்பெற்ற டெனிக்ஸ் நிறுவனம் இத்துறையிற் பெயர்பெற்றது. இத்தகைய பிரதிகளிற் துத்தநாகக் கலப்புலோகம் அச்சில் வார்க்கப்படுகிறது. ஒரு காலத்திற் கம்மியன் பல நாள் செதுக்கிய கொடிப்பின்னல், இன்று அச்சு திறக்குந்தோறும் கணத்திற் பிறக்கிறது.

இவ்விடத்து ஒன்றை வற்புறுத்தல் தகும். பிரபுவின் துப்பாக்கியும், துவந்த யுத்தத்துக்குரிய இணைத் துப்பாக்கியும், கடற்கொள்ளையன் துப்பாக்கியுமே பெரிதும் பிரதியெடுக்கப்படுகின்றன. அடிமைக்கு விலையான வேலைப்பாடற்ற துப்பாக்கியைச் சுவரில் மாட்ட விரும்புவோர் அரியர். பிரதியிற் சுடும் ஆற்றல் மட்டும் நீக்கப்படவில்லை. பட்டறையில் உழைத்தவனும் குண்டுக்கு இரையானவனும் உடன் நீக்கப்பட்டுள்ளனர். எஞ்சியிருப்பது ஆளும் வர்க்கம் தன்னைப் பற்றி வரைந்த சித்திரமே. அதனை அழகெனக் கண்டு மகிழ்வதில் தவறில்லை. அதுவே வரலாறென நம்புவதுதான் தவறு.