சுண்ணாம்புத் தீவுகளும் தமிழர் கடல்வழியும்

பத்தாங் காலி, ரவாங், கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் வாழும் தமிழர்க்குப் பத்துமலை புதியதன்று. தைப்பூச நாளில் பாற்குடமும் காவடியும் ஏந்தி 272 படிகளில் ஏறும் மக்கள், தம் காலடியில் உள்ள பாறையைப் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. அது சுண்ணாம்புப் பாறை. பல கோடி ஆண்டுகளுக்கு முன்னர்க் கடலடியில் சிற்றுயிர்களின் ஓடுகள் படிந்து இறுகியதால் உருவானது. தீபகற்பத்தின் வடமேற்கில் இதே வகைப் பாறை கடலுக்குள் இறங்கி நிற்கிறது. நிலத்தில் மலையாகத் தோன்றுவது அங்கே தீவாகத் தோன்றுகிறது.

கெடா மாநிலத்து லங்காவியில் தொடங்கி, சத்தூன், திராங், கிராபி ஆகிய கரைகளைக் கடந்து, பாங் நா விரிகுடா வரை இத்தீவுகள் சங்கிலிபோல் தொடர்கின்றன. இவ்வழியே பாய்மரப் படகுகளிலும் உல்லாசக் கப்பல்களிலும் பல நாள் உலாச் செல்வது இக்காலத்தார்க்கு இன்பப் பொழுதுபோக்கு. ஆனால் இவ்வழியில் தமிழர் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே வந்து தங்கினர் என்பதற்குக் கல்லும் ஓடும் சான்று பகர்கின்றன. அவர்கள் ஏன் தங்கினர் என்பதை ஆராய்ந்தால், பிற்காலத்தில் நீராவிக் கப்பலேறி வந்த தோட்டத் தமிழரின் வரலாறு ஏன் எழுதப்படாமல் போயிற்று என்பதும் ஓரளவு விளங்கும்.

தீவுகள் தோன்றிய வகை

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சிறிதளவு ஏற்று, மென்மையான அமிலமாகிச் சுண்ணாம்புப் பாறையைக் கரைக்கும் இயல்புடையது. வெடிப்புகளின் வழியே இறங்கும் நீர் குகைகளைக் குடைகிறது. குகையின் கூரை இடிந்தால் பள்ளம் உண்டாகிறது. பள்ளங்களுக்கு இடையே செங்குத்தான குன்றுகள் எஞ்சுகின்றன. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்னர், பனியூழியின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றுள்ளதினும் 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது. அன்று பாங் நா விரிகுடா குன்றுகள் நிறைந்த நிலமாக இருந்தது. பனி உருகிக் கடல் உயர்ந்தபோது பள்ளங்கள் மூழ்கின, குன்றுகள் தீவுகளாயின. அலையும் கடலுயிர்களும் நீர்மட்டத்தில் பாறையை அரித்தமையால், பல தீவுகள் அடி சிறுத்து மேல் பெருத்துக் காட்சியளிக்கின்றன.

வியட்நாமின் ஆலோங் விரிகுடாவும் இத்தகையதே. அது 1994-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுச் செல்வமாக அறிவிக்கப்பெற்றது. லங்காவி 2007-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஆதரவு பெற்ற புவிப்பூங்காவாயிற்று. பாங் நா விரிகுடாவின் தாப்பு என்னும் ஊசிப்பாறை 1974-ஆம் ஆண்டில் வெளிவந்த ஜேம்ஸ் பாண்டு படத்தால் உலகப் புகழ் பெற்றது. அழகு பற்றிய புகழ் இவ்வாறு அண்மைக் காலத்தில் எழுந்தது. பழங்காலக் கடலோடிக்கு இக்கரையால் விளைந்த பயன் வேறு.

காற்றும் காத்திருப்பும்

பாய்மரக் கப்பலுக்குக் காற்றே ஆண்டவன். ஏறத்தாழ மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலைக் கிழக்கே தள்ளும். திரும்பிச் செல்ல வேண்டுமாயின், நவம்பருக்குப் பின் வீசும் வடகிழக்குப் பருவக்காற்றை எதிர்நோக்க வேண்டும். ஆகவே கிழக்கே வந்து சேர்ந்த வணிகன், விரும்பினும் விரும்பாவிடினும், சில திங்கள் கரையில் தங்கியே ஆதல் வேண்டும்.

சீனத் துறவி இட்சிங்கின் பயணம் இதற்கு நல்ல சான்று. 671-ஆம் ஆண்டில் குவாங்சோவிலிருந்து புறப்பட்ட அவர், ஸ்ரீவிஜயத்தில் ஆறு திங்கள் தங்கினார். மலாயு நாட்டில் இரண்டு திங்கள் தங்கினார். பின்னர்க் கெடாவுக்கு வந்து, சீன நாட்காட்டியின் பன்னிரண்டாம் திங்களில் மீண்டும் கப்பலேறினார். வங்கத்துத் தாமிரலிப்தித் துறையை அவர் அடைந்தது 673-ஆம் ஆண்டில். கடலில் கழிந்த நாள்களைவிடக் கரையில் காத்திருந்த நாள்களே மிகுதி என்பது நோக்கத்தக்கது.

தென்மேற்குக் காற்றுக் காலத்தில் இக்கரையின் திறந்த கடல் கொந்தளிக்கும். தீவுகளின் மறைவிலும் அலையாத்திக் காடுகள் சூழ்ந்த கழிமுகங்களிலும் நீர் அமைதியாக இருக்கும். ஆயினும் சுண்ணாம்புத் தீவில் நெடுநாள் தங்குதல் எளிதன்று. மழைநீர் பாறையின் வெடிப்புகளில் இறங்கி மறைந்துவிடும், மேற்பரப்பில் நில்லாது. உழுவதற்கேற்ற நிலமும் குறைவு. ஆதலின் தீவுகளுக்குப் பின்னால் உள்ள ஆற்றுமுகங்களே தங்குவதற்கு உரியவையாயின. அங்கிருந்து தீபகற்பத்தின் குறுக்கே கிழக்குக் கரைக்குச் செல்லும் வழிகளும் இருந்தன. தமிழரின் சுவடுகள் இத்தகைய ஆற்றுமுகங்களையொட்டியே கிடைத்திருப்பது வியப்பன்று.

கல்லும் ஓடும் கூறுவன

கிராபி மாநிலத்துக் குளோங் தோம் என்னும் ஊர் மணிகளுக்குப் பெயர் பெற்றது. அங்குக் கண்ணாடி மணிகளும் கல்மணிகளும் மிகுதியாகக் கிடைத்துள்ளன. அவற்றோடு ஒரு சிறு கல்லும் கிடைத்தது. அது பொன்னின் மாற்றை அறியப் பயன்படும் உரைகல். அதன்மீது தமிழ்-பிராமி எழுத்தில், ‘பெரும்பத்தன் கல்’ எனப் பொருள்படும் சொற்கள் பொறிக்கப்பட்டுள்ளன. பத்தன் என்பது பொற்கொல்லனைக் குறிக்கும் சொல். இன்றும் பத்தர் என வழங்குவது காண்க. எழுத்தமைதி கொண்டு இக்கல் கி.பி. 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டினது என அறிஞர் கணித்தனர். அது குளோங் தோம் பௌத்த விகாரத்தின் அருங்காட்சியகத்தில் வைக்கப்பெற்றுள்ளது.

இச்சிறு கல்லின் சிறப்பு யாது? மன்னனின் பெயர் அதில் இல்லை. வெற்றிச் செய்தி இல்லை. தன் தொழிற்கருவி பிறர் கருவியோடு கலந்துவிடாதிருக்க ஒரு தொழிலாளி தன் பெயரை எழுதிவைத்தான். உரைகல் விற்பனைச் சரக்கன்று. கையோடு இருக்க வேண்டிய கருவி. அதனை உடையவன் அங்கே தொழில் செய்யும் நோக்குடன் வந்தவன் என்று கருதுவது பொருந்தும். அவனுக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருந்தது என்பதும் கருதத்தக்கது.

சற்று வடக்கே ரனோங் மாநிலத்துப் பூ காவோ தோங்கில் 2006-ஆம் ஆண்டில் தாய்லாந்து, பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஒரு பானையோட்டைக் கண்டெடுத்தனர். அதில் சில தமிழ்-பிராமி எழுத்துகளே எஞ்சியுள்ளன. அவற்றுள் தமிழுக்கே உரிய வல்லின றகரம் இருப்பதால் மொழி தமிழ் என்பது உறுதியாயிற்று. அது கி.பி. 2-ஆம் நூற்றாண்டினது என ஐராவதம் மகாதேவன் கருதினார். துறவியைக் குறிக்கும் சொல்லின் ஒரு பகுதியாக அது இருக்கலாம் என்பது அவர் கருத்து.

பாங் நா மாநிலத்துத் தகுவாபாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு 9-ஆம் நூற்றாண்டினது. அவனிநாரணம் என்னும் குளம் தோண்டப்பட்டதையும், அது மணிக்கிராமத்தார், சேனாமுகத்தார் முதலியோரின் அடைக்கலத்தில் விடப்பட்டதையும் அது தெரிவிக்கிறது. அவனிநாரணன் என்பது மூன்றாம் நந்திவர்ம பல்லவனின் சிறப்புப் பெயர். மணிக்கிராமம் என்பது புகழ்பெற்ற வணிகக் குழு. குளம் என்பது ஒருநாள் தங்கிச் செல்வோர் வெட்டுவதன்று. அதனைத் தூர்வாரிக் காக்க ஆள் வேண்டும். அடுத்த ஆண்டும் வருவோம் என்னும் உறுதி வேண்டும். காற்றுக்காகக் காத்திருக்கத் தொடங்கியவர்கள் காலப்போக்கில் ஊரவராக மாறியதை இக்குளம் காட்டுகிறது.

கடாரமும் அதன் அயலும்

இவ்வழியின் தென்முனையில், 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலையின் அடியில், கடாரம் இருந்தது. பட்டினப்பாலை புகார்த் துறைக்கு வந்த பொருள்களுள் காழகத்துப் பொருளையும் எண்ணுகிறது. காழகம் என்பது கடாரமே என நச்சினார்க்கினியர் உரை எழுதினார். அக்கடாரத்தின் மீது 1025-ஆம் ஆண்டளவில் முதலாம் இராசேந்திரன் படையெடுத்ததை அவனுடைய மெய்க்கீர்த்தி விரித்துரைக்கிறது. அதில் வரும் தலைத்தக்கோலம் தகுவாபாவே என்பது அறிஞர் சிலரின் துணிபு.

பள்ளி மாணவர் பலர்க்குத் தென்கிழக்காசியாவில் தமிழர் வரலாறு என்றால் இப்படையெடுப்பு ஒன்றே நினைவுக்கு வருகிறது. ஆனால் படையெடுப்பு ஒரு காற்றுக்காலத்தின் செய்தி. வணிகரும் கைவினைஞரும் இக்கரையில் தங்கியது பல நூற்றாண்டுகளின் செய்தி. படை வருவதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்னர், ஸ்ரீவிஜய மன்னன் நாகப்பட்டினத்தில் சூளாமணி விகாரம் எழுப்ப, அதற்கு இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கினான். லெய்டன் செப்பேடுகள் இதனைக் கூறுகின்றன. நட்பும் பகையும் ஒரே கடல்வழியில் நடந்தன.

அவ்வழி தமிழர்க்கு மட்டும் உரியதாக இருந்ததுமில்லை. 1834-ஆம் ஆண்டில் செபராங் பிறையில் ஜேம்ஸ் லோ கண்டெடுத்த கல், 5-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புத்தகுப்தன் என்னும் மாநாவிகன் தன் பயணம் இனிதே நிறைவேற வேண்டிப் பொறித்தது. அவன் வங்கத்து இரத்தமிருத்திகையைச் சார்ந்தவன். மலாய், மோன், சீன, அரபு மக்களும் இக்கரையில் வணிகம் செய்தனர். தமிழரின் பங்கை உரிய அளவில் கூறுவதே அதற்குப் பெருமை. அளவு கடந்து கூறினால் உண்மைச் சான்றுகளும் ஐயத்திற்கு இடமாகிவிடும்.

காத்திராத கப்பல்

19-ஆம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல் வந்தது. அதற்குப் பருவக்காற்றின் தயவு வேண்டியதில்லை. தீவின் மறைவும் வேண்டியதில்லை. நாகப்பட்டினத்தில் புறப்பட்ட கப்பல் வங்கக் கடலை நேரே கடந்து ஏறத்தாழ ஒரு வாரத்தில் பினாங்கை அடைந்தது. சூளாமணி விகாரம் நின்ற அதே துறையிலிருந்து, ஏறத்தாழ 900 ஆண்டுகள் கழித்து, ஒப்பந்தக் கூலிகளாகவும் பின்னர்க் கங்காணியின் ஆட்களாகவும் தமிழர் கப்பலேறினர்.

1926-ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய ரஜூலா என்னும் கப்பல் தொடக்கத்தில் 5,000-க்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற உரிமம் பெற்றிருந்தது. பாயும் பெட்டியும் பாத்திரமுமாகத் தளத்தில் நெருங்கிக் கிடந்த மக்கள், பினாங்கை அடுத்த ஜெரெஜாக் தீவு முதலிய தடுப்பு நிலையங்களில் சில நாள் வைக்கப்பட்டனர். அவர்கள் அறிந்த தீவு அதுவே. அவர்களுடைய காத்திருப்பும் அதுவே. கப்பல் நிறுவனத்தின் பட்டியலில் ஏறிய பெயர், தோட்டத்துக் கிராணியின் செக்ரோல் புத்தகத்தில் வேறு வகையாக எழுதப்பட்டதும் உண்டு.

1901-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டு, 1972-ஆம் ஆண்டு முதல் கிள்ளான் துறைமுகம் என வழங்கும் சுவெட்டன்ஹாம் துறையில் இறங்கியோர், அங்கிருந்து இருப்புப்பாதை வழியே உட்பகுதிக்குச் சென்றனர். பத்தாங் காலி அப்பாதையில் ரவாங்குக்கும் கோல குபுவுக்கும் இடைப்பட்ட நிலையம். சுற்றுப்புறத்துக் காடுகள் ரப்பர்த் தோட்டங்களாயின. கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமாரம் தோட்டத்தில் 1917-ஆம் ஆண்டில் மலாயாவின் முதல் வணிகமுறைச் செம்பனைப் பயிரீடு தொடங்கியது. அப்பணிகளில் உழைத்தோர் பால்மரம் சீவினர், செம்பனைக் குலை வெட்டினர், லயங்களில் வாழ்ந்தனர், கோயிலும் பள்ளியும் எழுப்பினர். 1938-ஆம் ஆண்டில் இந்திய அரசு, உதவிபெற்றுச் செல்லும் கூலிக் குடியேற்றத்தைத் தடைசெய்தது. ரஜூலாவின் மலாயாப் பயணமும் 1973-ஆம் ஆண்டோடு முடிவுற்றது.

எழுதுவோர் கடமை

உரைகல்லின் சொந்தக்காரன் தன் பெயரைத் தானே எழுதினான். அது 1,600 ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்தது. பால்மரம் சீவிய கத்தியில் பெயர் எழுதப்படவில்லை. எழுதியிருந்தாலும் அது துருப்பிடித்து மறைந்திருக்கும். இருவரும் கைத்தொழிலை நம்பிக் கடல் கடந்தவர்களே. ஒருவனுக்குத் தங்குவதும் திரும்புவதும் காற்றையும் தன் விருப்பையும் பொறுத்திருந்தன. மற்றவனுக்கு அவை கடனையும் கங்காணியையும் பொறுத்திருந்தன. பழைய வணிகரைப் புகழ்வதற்காகத் தோட்டப் பாட்டன்மாரை மறப்பது வரலாற்று நெறியாகாது.

கல்லில் இருப்பது மட்டும் காக்கப்பட்டுவிடும் என்பதற்கும் உறுதியில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டதாகக் கருதப்பட்ட பூஜாங் பள்ளத்தாக்கின் 11-ஆம் எண் சண்டி, நில மேம்பாட்டுப் பணியில் இடிக்கப்பட்ட செய்தி 2013-ஆம் ஆண்டில் வெளிவந்து நாட்டை அதிரவைத்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறும்போது லயங்களும், இடுகாட்டுக் கற்களும், பழைய கோயில் கல்வெட்டுகளும் இன்னும் எளிதாக அழிகின்றன. அவற்றிற்காக எழும் குரல் மிகக் குறைவு.

ஆகவே தமிழாசிரியர் கடாரத்தைக் கற்பிக்கும் அதே வகுப்பில் மாணவரிடம் மற்றொரு பணியையும் ஒப்படைக்கலாம். வீட்டில் உள்ள பழைய கடவுச்சீட்டு, பிறப்புப் பத்திரம், சிவப்பு அடையாள அட்டை ஆகியவற்றிலிருந்து கப்பலின் பெயர், வந்த ஆண்டு, விட்டுவந்த ஊர் ஆகியவற்றைக் குறித்து வரச் செய்யலாம். தோட்டக் கோயிலில் நன்கொடையாளர் பெயர் பொறித்த பலகையைப் படியெடுக்கச் சொல்லலாம். பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டைக் கறையானுக்கு விடாமல் காக்கலாம். பெரியவர்கள் உயிரோடிருக்கும்போதே அவர்கள் வாய்மொழியை எழுதி, நாளிட்டு, பெயரிட்டு வைக்கலாம். பெரும்பத்தன் செய்தது இதைவிடச் சிறிய வேலை: தன் கருவியில் தன் பெயரைப் பொறித்தான். அதனாலேயே அவன் வந்தது இன்று தெரிகிறது.