எஃகு நாடாவின் இருநூறு ஆண்டுகள்

லண்டனைச் சேர்ந்த வில்லியம் நியூபெரி 1809 வாக்கில் ஒரு மர அறுவை இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டு சக்கரங்கள், அவற்றைச் சுற்றி ஓடும் முனையே இல்லாத ஒரு எஃகு நாடா, அதன் ஒரு விளிம்பு முழுக்கப் பற்கள். அதுவரை மரத்தைப் பலகையாக்கியதெல்லாம் ஏறி இறங்கும் வாள்கள்தான். குழிக்கு மேலே ஒருவரும் உள்ளே ஒருவருமாக நின்று இழுத்தாலும் சரி, ஹாலந்தில் கோர்னேலிஸ் கோர்னேலிஸ்சூன் 1594-இல் கட்டியது போன்ற காற்றாலை இழுத்தாலும் சரி, வாள் ஒரு திசையில்தான் அறுக்கும். திரும்பி வரும் ஓட்டம் வெறும் ஓட்டம். நியூபெரியின் நாடாவுக்குத் திரும்பி வரும் வேலையே கிடையாது, அது ஓடிக்கொண்டே அறுக்கும்.

அந்த எண்ணத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அது ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் பயனின்றிக் கிடந்தது. காரணம் பிளேடு. சக்கரத்தின் மேல் ஏறும்போது எஃகு வளைகிறது, இறங்கியதும் நிமிர்கிறது. ஒரு சுற்றுக்கு இரண்டு வளைவு. அந்தக் காலத்து எஃகு அதைத் தாங்கவில்லை. எஃகு தாங்கினாலும், நாடாவின் இரு முனைகளைச் சேர்த்த இடம் தாங்கவில்லை. இந்த நாடா இயந்திரத்துக்குப் பட்டை ரம்பம் என்று பெயர். அதன் வரலாற்றை இயந்திரத்தின் வரலாறாகச் சொல்வது வழக்கம். உண்மையில் அது பிளேடின் வரலாறு, அந்தப் பிளேடைப் பேணிக் காத்தவர்களின் வரலாறு.

முடிச்சு அவிழ்ந்தது பிரான்சில். ஆன் போலின் கிரெப்பான் என்ற பெண்மணி, முனைகளை உறுதியாக இணைக்கும் முறை ஒன்றைக் கண்டு 1846-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். சீக்கிரமே அந்த உரிமையைப் பாரிஸின் பெரேன் நிறுவனத்துக்கு விற்றார். பெரேன் நிறுவனம் அந்த இணைப்போடு, மேம்பட்ட எஃகையும் பதமேற்றும் புதிய முறைகளையும் சேர்த்தது. அப்போதுதான் நாள் முழுக்க ஓடக்கூடிய பிளேடு கிடைத்தது. தச்சுக்கூட வரலாறுகளில் நியூபெரிக்குக் கிடைக்கும் இடம் கிரெப்பானுக்கும் கிடைத்திருக்க வேண்டும். அவர் இல்லாமல் நியூபெரியின் காப்புரிமை ஒரு படமாகவே நின்றிருக்கும்.

தொடக்கத்தில் இந்த ரம்பம் நாற்காலிக் கால், வண்டிச் சக்கரம் போன்ற வளைவான வேலைகளுக்குத்தான் பயன்பட்டது. முழு மரத்தையும் இதில் அறுக்கலாம் என்ற துணிச்சல் அமெரிக்காவில் பிறந்தது. மெய்ன் மாநிலத்தின் எல்ஸ்வொர்த் ஊர்க்காரரான பெஞ்சமின் பார்க்கர் 1836-லேயே பட்டை ரம்பத்துக்கு அங்கு முதல் காப்புரிமை பெற்றிருந்தார். ஆனால் பெரிய மரங்களை அறுக்கும் பட்டை ரம்ப ஆலைகள் 1860களின் பிற்பகுதிக்குப் பிறகுதான் தலையெடுத்தன. இந்தியானா மாநிலத்தின் ஃபோர்ட் வெய்னில் ஜேக்கப் ஹாஃப்மன் செய்த இயந்திரங்கள் அவற்றில் முன்னோடிகள்.

ஆலைக்காரர்கள் மாறியதற்குக் காரணம் கணக்கு. அப்போது ஆட்சி செய்த வட்ட ரம்பம் பெரிதாக இருக்க வேண்டுமானால் தடிமனாகவும் இருக்க வேண்டும். ஒவ்வொரு அறுவைக்கும் 6 மில்லிமீட்டருக்கும் மேல் மரத்தைத் தூளாக்கிவிடும். ஒரு அங்குலப் பலகை அறுப்பவருக்கு நாலு அறுவைக்கு ஒரு பலகை மரத்தூளாகப் போகிறது என்று பொருள். பட்டை ரம்பம் ஏறக்குறைய அதில் பாதியைத்தான் தின்றது. காடுகள் வேகமாகக் கரைந்துகொண்டிருந்த காலம் அது. அந்த மிச்சம் சின்ன விஷயமில்லை.

மிச்சத்துக்கு விலை உண்டு. ஓர் அடி அகலம் வரை போகும் அந்தப் பெரிய பிளேடுகளைப் பேண, ஆலையில் தனி அறையும் தனி ஆளும் தேவையாயின. அறை பெரும்பாலும் ரம்பத்துக்கு மேல் மாடியில் இருக்கும். பிளேடை மேலே இழுத்துப் பழுது பார்த்து மறுபடி கீழே இறக்க அதுதான் வசதி. ஆலையிலேயே அதிகக் கூலி வாங்கியவர்களில் ஒருவர் அங்கே வேலை பார்த்தார்.

அவருடைய வேலையைப் பல்லைத் தீட்டுவது என்று மட்டும் நினைத்தால் பாதியைத் தவறவிட்டதாகும். ஓடும்போது பல் விளிம்பு சூடேறி நீளும். நீண்ட விளிம்பு தளர்ந்தால் பிளேடு பாம்பாய் நெளியும், பலகை அலையலையாக வரும். அதனால் பிளேடின் நடுப்பகுதியை உருளைகளுக்கிடையே அழுத்தியும் சுத்தியலால் தட்டியும் முன்கூட்டியே கொஞ்சம் நீட்டிவைப்பார். நடு நீண்டால் விளிம்புகள் இறுக்கமாக நிற்கும். ஒரு சின்ன மேடு, ஒரு சின்னப் பள்ளம் இருந்தாலும் அளவுகோலை வைத்து, வெளிச்சம் எங்கே புகுகிறது என்று பார்த்துத் தட்டி எடுப்பார். பற்களை இடமும் வலமுமாக மடிப்பதற்குப் பதில், ஒவ்வொரு பல்லின் முனையையும் நசுக்கி அகலமாக்கும் முறையும் இந்த அறைகளில்தான் செழித்தது. இரு பக்கமும் சமமாக வெட்டும் பல் வேகமாக அறுக்கும். இந்தக் கைத்திறனைப் புத்தகத்தில் கற்றவர்கள் குறைவு. மூத்தவர் பக்கத்தில் நின்று ஆண்டுக்கணக்கில் பார்த்துக் கற்றவர்களே அதிகம்.

பிளேடின் தடிமன் சக்கர விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது பழைய விதி. மீறினால் வளைவே பிளேடை ஒடித்துவிடும். அதனால் பெரிய ஆலைகளின் சக்கரங்கள் ஆளை விட உயரமாக நின்றன.

1982-இல் இந்தியானாபொலிசில் தொடங்கிய வுட்-மைசர் நிறுவனம் இந்த விதியை அடியோடு மாற்றியது. மரத்தை ஆலைக்குக் கொண்டுபோவதற்குப் பதில் ஆலையே இழுவண்டியில் மரத்திடம் போகட்டும் என்பது அதன் யோசனை. இழுவண்டியில் ஆளுயரச் சக்கரம் ஏறாது. இந்த வகை இயந்திரத்தில் சக்கரம் 48 சென்டிமீட்டர் அளவுதான். பிளேடு ஒன்றேகால் அங்குல அகலம், ஏறக்குறைய 1.07 மில்லிமீட்டர் தடிமன், நான்கு மீட்டர் நீளம். தடிமன், விட்டத்தில் 450-இல் ஒரு பங்கு. ஆயிரத்தில் ஒன்று என்ற கணக்கை இது இரு மடங்குக்கும் மேல் தாண்டிவிடுகிறது. நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் ஓடும் பிளேடு மணிக்கு சுமார் 45,000 முறை வளைகிறது. ஒரு நாள் அது ஒடியத்தான் செய்யும் என்பதை ஏற்றுக்கொண்டே வடிவமைத்தார்கள். முதுகு நெகிழ்வாகவும் பல்முனை மட்டும் கடினமாகவும் பதமேற்றிய மலிவான நாடா அது. ஒடிந்தால் அடுத்ததை மாட்டலாம். கைமாறாகக் கிடைத்தது சுமார் 2 மில்லிமீட்டர் அறுவைத் தடம். ஒரு பலகை மரம் தூளாக ஏறக்குறைய பன்னிரண்டு அறுவை வேண்டும்.

மாடியறை வல்லுநரின் பொறுப்பு இப்படி விவசாயியின் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. முதலில் தேர்வு. பல் முன்னோக்கிச் சாயும் கோணம் 10 பாகையாக இருந்தால் மென்மரத்தில் பாய்ந்து வெட்டும். உறைந்த மரமோ கடின மரமோ என்றால் அதே பல் ஆழமாகக் கடித்து மேலும் கீழும் அலையும். அங்கே 7 அல்லது 4 பாகை போதும். பற்களை இடம், வலம், நேர் என்று மாற்றி மாற்றி வைப்பார்கள். பக்கத்துக்கு அரை மில்லிமீட்டர் வாக்கில் மடிப்பு. ஈர மென்மரத்துக்கு மடிப்பு கூடவும், உலர்ந்த கடின மரத்துக்குக் குறைவாகவும் இருக்க வேண்டும். மடிப்பு குறைந்தால் பிளேடு உரசிச் சூடாகும். கூடினால் பலகை முழுக்கப் பல் தடம்.

பிறகு பராமரிப்பு. ஒன்றிரண்டு மணி நேரம் அறுத்ததும் கழற்றித் தீட்ட வேண்டும். மழுங்கிய பிளேடை ‘இன்னும் ஒரு மரம்’ என்று ஓட்டுபவர்தான் அதிகம் ஒடிக்கிறார். வேலை முடிந்ததும் இழுப்பைத் தளர்த்த வேண்டும். பிசின் ஒட்டாமலிருக்கச் சோப்புத் தண்ணீர் சொட்டவிட வேண்டும். மண் படிந்த மரப்பட்டையை அகற்றாமல் அறுத்தால் பல்முனை நிமிடங்களில் போய்விடும். எல்லாவற்றிலும் முக்கியம் பல்லுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள குழி. கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் அங்கேதான் தொடங்குகின்றன. முனையை மட்டும் தீட்டிவிட்டுக் குழியை விட்டவரின் பிளேடு கூர்மையாகவே ஒடியும். அவசரமாக அழுத்திச் சாணை பிடித்தால் குழி சூடாகி நீலம் பாயும், அந்த இடம் கண்ணாடி போல நொறுங்கும்.

மரமே எதிரியாகும் இடங்களும் உண்டு. தென்னை போன்ற பனையினங்களின் வெளிப்பகுதியும், சிலிக்கா மிகுந்த வெப்பமண்டல மரங்களும் சாதாரண எஃகுப் பல்லை வெகு விரைவில் தேய்த்துவிடும். அதற்கு உதவியது ஸ்டெல்லைட். இந்தியானாவின் கொகோமோ நகரில் எல்வுட் ஹேன்ஸ் உருவாக்கி 1907-இல் காப்புரிமை பெற்ற கோபால்ட்-குரோமியம் கலவை அது. சிவக்கச் சூடேறினாலும் கடினம் குறையாது. பல்முனையில் அதைப் பற்றவைத்தால் பிளேடு பல மடங்கு நேரம் உழைக்கும். ஆனால் அதைத் தீட்ட எஃகுக்கான சாணை போதாது, தனிக் கருவி வேண்டும்.

சாணைக்கல்லிலும் மாற்றம் வந்தது. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் ராபர்ட் வென்டார்ஃப் 1957-இல் செயற்கையாக உருவாக்கிய கனசதுர போரான் நைட்ரைடு, கடினத்தில் வைரத்துக்கு அடுத்தபடி நிற்பது. எஃகைத் தீட்டுவதில் வைரத்தையும் மிஞ்சுவது. பல், முதுகு, குழி ஆகிய மூன்றின் வளைவையும் ஒரே வடிவமாகக் கொண்ட சக்கரத்தின் மேல் இதைப் பூசி, எண்ணெய் ஓடவிட்டு, பல் பல்லாக நகர்த்தித் தீட்டுகிறார்கள். குழியின் அடி தவறாமல் தேய்கிறது, விரிசல் வளரும் முன்பே சீவப்படுகிறது, எண்ணெய் இருப்பதால் நீலம் பாய்வதில்லை. சொந்தமாக இந்த இயந்திரம் வாங்க முடியாதவர்கள் மழுங்கிய பிளேடுகளைச் சுருட்டிப் பெட்டியில் அடைத்துத் தீட்டும் நிலையத்துக்கு அனுப்புகிறார்கள். ஒவ்வொரு முறையும் பிளேடின் அகலம் சிறிது குறைந்து திரும்புகிறது. தாங்கும் அளவுக்குக் கீழே போனதும் அதை ஒதுக்கிவிட்டுப் புதிதை மாட்டுகிறார்கள்.