அயல்திரையும் தமிழ் விளக்குநர் மரபும்: நீலசந்திராவை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பெங்களூரு நகரின் நீலசந்திரா, கண்டோன்மெண்ட் எனப்படும் பழைய படைவீட்டுப் பகுதியின் தென்விளிம்பில், ஆஸ்டின் டவுன், விவேக் நகர், ஈஜிபுரா ஆகியவற்றை அடுத்து அமைந்த குடியிருப்பாகும். 1809இல் ஆங்கிலேயர் இப்படைவீட்டை நிறுவிய காலந்தொட்டுத் தமிழகத்தின் வட மாவட்டங்களிலிருந்து படைவீரராகவும் கட்டடத் தொழிலாளராகவும் வணிகராகவும் தமிழர் இப்பகுதிக்கு வந்து குடியமர்ந்தனர். இன்றும் தமிழ், கன்னடம், உருது, தெலுங்கு ஆகிய மொழிகள் அருகருகே ஒலிக்கும் இடமாக நீலசந்திரா விளங்குகிறது. வீட்டுக்கு ஒரு மொழி, கடைத்தெருவுக்கு ஒரு மொழி, பள்ளிக்கு ஒரு மொழி என வாழ்வோர்க்கு, புரியாத மொழியைச் செவிமடுத்திருத்தல் அன்றாட அனுபவம்.

தமக்குப் பழக்கமில்லாத நாட்டின், தமக்குத் தெரியாத மொழியின் திரைப்படத்தையும் தொலைக்காட்சித் தொடரையும் தமிழர் எவ்வாறு அணுகி வந்துள்ளனர்? இவ்வினாவுக்கு, ‘அஃது ஆங்கிலம் கற்றோரின் ரசனை’ என்ற விடையே பெரிதும் கூறப்படுகிறது. இவ்விடை முழுமையானதன்று. தமிழர் தம் பழக்கத்தின் எல்லையைக் கடந்து அயல்திரையை நாடிய கட்டங்கள் பலவற்றில், படத்துக்கும் பார்ப்பவர்க்கும் இடையே தமிழில் பேசும் ஒருவர் நின்றுள்ளார். அவரை இக்கட்டுரை ‘விளக்குநர்’ எனச் சுட்டுகிறது. விளக்குநரின் இடம் காலந்தோறும் மாறிவந்த வரலாற்றையும், அவ்விடம் இன்று பெரிதும் வெறுமையாகியுள்ள நிலையையும் எடுத்துரைப்பது இதன் நோக்கமாகும்.

மௌனப்படக் காலம்

தமிழகத்தில் திரைப்படம் அயல்திரையாகவே அறிமுகமாயிற்று. 1897இல் சென்னை விக்டோரியா பொது மண்டபத்தில் காட்டப்பட்ட சலனப்படங்களும், 1905இல் திருச்சிராப்பள்ளியில் தென்னிந்திய இரயில்வே வரைவாளரான சாமிக்கண்ணு வின்சென்ட், துய்பாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து வாங்கி ஊர்ஊராகக் கொண்டு சென்ற இயேசுவின் வாழ்க்கைப் படமும் வெளிநாட்டுப் படங்களே. 1927இல் அரசு அமைத்த இந்தியத் திரைப்படக் குழுவுக்குத் தலைமையேற்றவர் சென்னை வழக்கறிஞர் தி. இரங்காச்சாரியார். நாட்டில் திரையிடப்பட்ட படங்களுள் பெரும்பகுதி அமெரிக்கப் படங்களாக இருந்தமை அக்குழுவின் ஆய்வுப் பொருள்களுள் ஒன்று.

மௌனப்படத்திற்கு மொழியில்லை என்பர். ஆயின் அதன் இடையிடையே ஆங்கில எழுத்தட்டைகள் தோன்றின. ஆங்கிலம் அறியாதார் பெரும்பான்மையராயிருந்த அரங்குகளில், திரைக்கு அருகே ஒருவர் நின்று கதையை உரத்த குரலில் தமிழில் கூறினார். தமிழ்த் திரை வரலாற்றாய்வாளர் சு. தியடோர் பாஸ்கரன் போன்றோர் இவ்வழக்கத்தைப் பதிவு செய்துள்ளனர். இவரே நம் முதல் விளக்குநர்.

இவ்வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. தெருக்கூத்தில் கட்டியங்காரன், ஆடுவோர்க்கும் அவையோர்க்கும் இடையே நின்று கதையை இணைத்துச் சொல்கிறான். காலட்சேபத்தில் வடமொழிச் செய்யுள் தமிழ்ப் பேச்சாக விரிகிறது. ஆகவே வெள்ளையர் நாட்டுக் கதையைத் திரையில் கண்ட தமிழர், தமக்குப் பழகிய அவைக்கள முறையாலேயே அதனை உள்வாங்கினர் எனலாம்.

உலக அளவிலும் இதற்கு இணை உண்டு. ஜப்பானில் ‘பென்ஷி’ என்றும் கொரியாவில் ‘பியோன்சா’ என்றும் அழைக்கப்பட்டோர் இதே பணியைச் செய்தனர். ஜப்பானில் அவர்கள் நடிகர்க்கு இணையான புகழ் பெற்றிருந்தனர். இயக்குநர் அகிரா குரோசவாவின் தமையனார் ஹெய்கோ, வெளிநாட்டுப் படங்களுக்குக் கதை கூறிய பென்ஷி ஆவார். பேசும்படம் வந்து அத்தொழில் நலிவுற்ற நாளில், 1933இல் அவர் தம் உயிரை மாய்த்துக் கொண்டார். இளம் குரோசவாவுக்கு அயல்நாட்டுப் படங்களில் நாட்டம் ஏற்படுத்தியவர் இத்தமையனாரே. பின்னாளில் உலகம் வியந்த ஓர் இயக்குநர் ஒரு விளக்குநரின் நிழலில் வளர்ந்தவர் என்பது இக்கட்டுரையின் கருத்துக்கு அரண் செய்வதாகும்.

கண்டோன்மெண்ட் அரங்குகள்

பெங்களூர்ப் படைவீட்டுப் பகுதி 1947 வரை ஆங்கிலேயரின் நேரடி ஆட்சியில் இருந்தது. அங்கு ஆங்கிலப் படங்களுக்குத் தனிச் சந்தை உருவாயிற்று. 1936இல் இன்றைய மகாத்மா காந்தி சாலையில் திறக்கப்பட்ட பிளாசா, பிரிகேட் சாலையின் ரெக்ஸ் ஆகியன அவ்வகையில் பெயர் பெற்றவை. நீலசந்திராவிலிருந்து நடந்தே சென்றுவரத்தக்க தொலைவில் இவை இருந்தன. பிளாசா இன்று இல்லை. ரெக்ஸ் 2018ஆம் ஆண்டின் முடிவில் மூடப்பட்டது.

கர்நாடகத்தின் மற்றொரு சூழலும் இங்கு நோக்கத்தக்கது. 1960களில் எழுந்த இயக்கத்தின் விளைவாக, பிறமொழிப் படங்களைக் கன்னடத்தில் குரல்மாற்றம் செய்வது ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் நிகழவில்லை. இதற்குச் சட்டம் காரணமன்று. திரைத்துறையினரின் கட்டுப்பாடே காரணம். இக்கட்டுப்பாட்டுக்கு எதிராக இந்தியப் போட்டி ஆணையம் 2015இல் ஆணை பிறப்பித்தது. 2017இல் ‘என்னை அறிந்தால்’ என்னும் தமிழ்ப்படம் ‘சத்யதேவ் ஐ.பி.எஸ்.’ என்னும் பெயரில் கன்னடத்தில் வெளிவந்தது. அதுவரையில் பெங்களூரில் தமிழ்ப்படம் தமிழிலும், இந்திப் படம் இந்தியிலும், ஆங்கிலப் படம் ஆங்கிலத்திலுமே பார்க்கப்பட்டன. மொழி முற்றும் புரியாமலே படம் பார்த்துப் பழகியதும், புரியாத இடத்தை அருகிருப்போரிடம் கேட்டறிந்ததும் இந்நகரத்தின் சிறப்பியல்புகள் எனக் கருதலாம். நீலசந்திரா போன்ற பன்மொழிக் குடியிருப்பில் அண்டை வீட்டாரே விளக்குநர்.

1952ஆம் ஆண்டு விழாவும் ‘அந்த நாள்’ படமும்

1952 சனவரி 24ஆம் நாள் இந்தியாவின் முதல் பன்னாட்டுத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கிச் சென்னை, தில்லி, கல்கத்தா ஆகிய நகரங்களுக்கும் சென்றது. டி சிகாவின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ போன்ற இத்தாலியப் படங்களை இந்தியக் கலைஞர்கள் இவ்விழாவில் கண்டனர். பிமல் ராயின் ‘தோ பிகா ஜமீன்’ (1953) இதன் உடனடி விளைவுகளுள் ஒன்று.

தமிழில் இத்தகைய விளைவுக்குச் சான்று வீணை எஸ். பாலசந்தர் இயக்கி, 1954இல் ஏவி.எம். நிறுவனம் வெளியிட்ட ‘அந்த நாள்’. குரோசவாவின் ‘ரஷோமோன்’ (1950) படத்தைத் திரைப்பட விழாவொன்றில் கண்ட பாலசந்தர், ஒரு நிகழ்ச்சியைப் பலர் பலவாறு கூறும் அதன் அமைப்பைத் தம் கதைக்குக் கைக்கொண்டார். 1950இல் வெளிவந்த ‘தி உமன் இன் குவெஸ்சன்’ என்னும் ஆங்கிலப் படத்தோடு இதனை ஒப்பிடுவோரும் உளர். திரைக்கதை எழுதிய ஜாவர் சீதாராமன், விக்தர் ஹியூகோவின் ‘லே மிசெராப்ள்’ புதினத்தைத் தழுவிய ‘ஏழை படும் பாடு’ (1950) படத்தில் ஜாவர் என்னும் காவல் அதிகாரியாக நடித்து, அப்பாத்திரத்தின் பெயரையே தம் பெயரின் முன்னொட்டாகப் பெற்றவர்.

‘அந்த நாள்’ மூலத்தின் நகலன்று. ‘ரஷோமோன்’ படத்தில் உண்மை எதுவென இறுதிவரை உறுதிப்படுவதில்லை. ‘அந்த நாள்’ படத்திலோ கொலையாளி யார் என்பது துலங்குகிறது. நாட்டைக் காட்டிக் கொடுத்தவனுக்கு உரிய தண்டனையும் கிடைக்கிறது. ஐயத்தைப் பொருளாகக் கொண்ட ஒரு வடிவம், அறத்தைப் பொருளாகக் கொண்ட வடிவமாகத் தமிழில் மாறியது. மேலும், 1943 அக்டோபர் 11ஆம் நாள் ஜப்பானிய விமானம் சென்னையின் மீது குண்டு வீசிய நிகழ்ச்சியை ஒட்டியே கதை தொடங்குகிறது. குண்டு வீசிய நாட்டிலிருந்து வந்த கலைவடிவத்தைக் கொண்டே, பத்தாண்டு இடைவெளியில், அக்குண்டுவீச்சின் கதையைத் தமிழ்க் கலைஞர் ஒருவர் சொன்னார். அயலான் பகைவனாக இருந்தபோதும் அவனது கலையிலிருந்து கற்கலாம் என்னும் துணிவு இதில் வெளிப்படுகிறது.

பாடல், நடனம், சண்டை ஆகிய மூன்றுமின்றி வந்த இப்படம் வசூலில் எதிர்பார்த்த வெற்றியை எய்தவில்லை. இயக்குநர் தம் பழக்கத்தின் எல்லையைக் கடந்தார். அவையோரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்ல விளக்குநர் எவரும் அன்று இல்லை. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் கமல்ஹாசனின் ‘விருமாண்டி’ (2004) ஒரே நிகழ்ச்சியை இருவர் வாய்மொழியாக இருமுறை காட்டியபோது, தமிழ் அவையோர்க்கு அது பெருந்தடையாக அமையவில்லை.

திரைப்படச் சங்கங்களும் சிற்றிதழ்களும்

1947இல் சத்யஜித் ராய், சிதானந்த தாஸ்குப்தா முதலியோர் கல்கத்தா திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினர். சென்னையில் அம்மு சுவாமிநாதன் முன்னின்ற திரைப்படச் சங்கம் 1957இல் தோன்றியது. 1959இல் இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு உருவாயிற்று. 1971இல் பெங்களூரில் ‘சுசித்ரா’ பிறந்தது. தூதரகங்களும் 1964இல் புனேயில் நிறுவப்பட்ட தேசியத் திரைப்படக் காப்பகமும் வழங்கிய படச்சுருள்களே இச்சங்கங்களின் உணவு.

இவற்றின் தொண்டு பெரிது. ஆயினும் பெருநகரச் சங்கங்களில் படத்தின் துணைத்தலைப்பும் அறிமுகக் குறிப்பும் படத்தின் பின் நிகழும் உரையாடலும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைந்தன. அயல்திரை ஆங்கிலம் கற்றோர்க்குரியது என்னும் எண்ணம் வேரூன்ற இதுவும் காரணமாயிற்று.

இவ்விடைவெளியை நிரப்பியது தமிழ் எழுத்து. அம்ஷன் குமாரின் ‘சினிமா ரசனை’, ‘நிழல்’ போன்ற திரைச் சிற்றிதழ்கள், எஸ். ராமகிருஷ்ணனின் உலகத் திரைப்பட நூல்கள், இரண்டாயிரத்தின் முதற்பத்தாண்டில் ‘ஆனந்த விகடன்’ இதழில் செழியன் எழுதிய ‘உலக சினிமா’ தொடர் ஆகியன குறிப்பிடத்தக்கவை. செழியனின் தொடர் படத்தை மதிப்பிடுவதோடு நில்லாமல், காட்சிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தமிழில் விரித்துச் சொன்னது. படத்தைக் காணும் வாய்ப்பில்லாத சிற்றூர் வாசகரும் வாசிப்பின் வழியே அதனைக் கண்டனர். மௌனப்பட அரங்கில் திரையருகே நின்றவர் இங்கு வார இதழின் பக்கத்தில் வந்து நின்றார் எனலாம். பின்னர் செழியனே இயக்கிய ‘டுலெட்’ சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. விளக்குநரே படைப்பாளராகும் வழியையும் இது காட்டுகிறது.

தொலைக்காட்சியும் இணையத்திரையும்

1980களில் தூர்தர்ஷன் ஞாயிறு பிற்பகலில் ஒளிபரப்பிய விருதுபெற்ற மாநில மொழிப் படங்கள், வங்காளத்தையும் அசாமையும் தமிழ் வீட்டுக்கு அழைத்து வந்தன, துணைத்தலைப்பு ஆங்கிலமே. 2013இல் தொடங்கிய புதுயுகம் தொலைக்காட்சி, கொரியத் தொடர்களைத் தமிழ்க் குரலில் வழங்கியது. 2021இல் ஸ்பானியத் தொடரான ‘மணி ஹெய்ஸ்ட்’ நெட்ஃபிளிக்ஸ் தளத்தில் தமிழ்க் குரலோடு கிடைத்தது. இன்று நீலசந்திராவின் ஒரு வீட்டில் கைப்பேசி வழியே கொரியத் தொடரைக் காண்பதற்குச் சங்கமோ தூதரகமோ வேண்டுவதில்லை.

எனினும் ஒரு குறை எஞ்சுகிறது. குரல்மாற்றம் பெருகிய அளவுக்குத் தமிழ்த் துணைத்தலைப்பு பெருகவில்லை. பார்ப்பவர், தமிழ்க் குரலைத் தேர்ந்து அயலார் குரலை இழக்க வேண்டும். அன்றி அயலார் குரலைத் தேர்ந்து ஆங்கில எழுத்தை நாட வேண்டும். இவ்விரண்டாம் வழியில் நேரும் இழப்பு சிறிதன்று. கொரிய மொழியில் பெண் தன் தமையனை ‘ஓப்பா’ என்பாள். ஆண் ‘ஹியோங்’ என்பான். தமக்கையை ஆண் ‘நூனா’ என்றும் பெண் ‘ஒன்னி’ என்றும் விளிப்பர். உடன்பிறவாத மூத்தோரையும் இவ்வாறு அழைக்கும் வழக்கம் அங்கு உண்டு. ஆங்கிலத் துணைத்தலைப்பில் இவ்விளிகள் பெரும்பாலும் ஆள்பெயராக மாறிவிடுகின்றன. தமிழில் ‘அண்ணன்’, ‘அக்காள்’ என்னும் சொற்கள் வயதுப் படிநிலையையும் நெருக்கத்தையும் ஒருங்கே காக்கவல்லன. பேசுவோர் ஆணா பெண்ணா என்பது மட்டுமே விடுபடும். அவ்வாறே, மரியாதைப் பேச்சிலிருந்து நெருக்கப் பேச்சுக்கு ஒருவர் மாறும் கணம் கொரியத் தொடர்களில் கதைத் திருப்பமாகவே அமைவதுண்டு. ‘நீங்கள்’ என்பது ‘நீ’ ஆகும் கணத்தை அறிந்த தமிழர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஆங்கிலமோ இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது.

ஆகவே கொரியத் தொடரை ஆங்கிலத்தின் வழியே காணும் தமிழர், அருகிலுள்ள வாயிலை விடுத்துத் தொலைவிலுள்ள வாயில் வழியாக நுழைகிறார். துணைத்தலைப்பு என்னும் ஓரங்குலத் தடையைக் கடந்தால் எத்துணையோ நல்ல படங்களைக் காணலாம் என்னும் பொருளில் தென்கொரிய இயக்குநர் போங் ஜூன்-ஹோ 2020இல் ஒரு விருது மேடையில் பேசினார். தமிழ் மட்டும் அறிந்தவர்க்கு அத்தடையின் உயரம் ஓரங்குலம் அன்று. நீலசந்திராவில் கல்லூரி செல்லும் மகள் எளிதில் தாண்டும் அவ்வரியை, தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த தாய் தாண்ட இயலாது. ஒரே வீட்டில், ஒரே திரையின் முன், இருவரும் வெவ்வேறு எல்லைக்குள் அமர்த்தப்படுகின்றனர்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. தமிழர்க்குத் திரை அயல்திரையாகவே அறிமுகமாயிற்று. அதனைத் தமதாக்கியது திரையருகே ஒலித்த தமிழ்க்குரல்.

2. ‘அந்த நாள்’ போன்ற படைப்புகள், அயல்வடிவம் தமிழில் புதுப்பொருள் பெறும் என்பதற்குச் சான்று. அவையோர்க்குத் துணை இல்லாதபோது அத்தகைய முயற்சி தனித்து நிற்க நேர்கிறது.

3. விளக்குநர் பணி அரங்கிலிருந்து இதழுக்கு இடம்பெயர்ந்தது. இணையத்திரையில் அது குரல்மாற்றத்தோடு பெரிதும் நின்றுவிட்டது.

4. கொரியம் போன்ற மொழிகளின் உறவுமுறை விளிகளையும் மரியாதை வழக்குகளையும் ஆங்கிலத்தினும் செம்மையாகத் தமிழ் காட்டவல்லது.

வழிநூல் வகைகளுள் மொழிபெயர்ப்பையும் ஒன்றாகத் தொல்காப்பிய மரபியல் வகுத்துள்ளது. உரையாசிரியர்கள் இல்லையேல் பழந்தமிழ் நூல்கள் பலவும் நமக்கே அயல்நூல்களாகியிருக்கும். இம்மரபுக்கு உரிய தமிழ்த்துறைகள், துணைத்தலைப்பாக்கத்தை மொழிபெயர்ப்பியலின் ஒரு பகுதியாகப் பாடத்திட்டத்தில் சேர்த்து மாணவர்க்குப் பயிற்சியளித்தல் வேண்டும். அந்நாளில் திரையருகே நின்ற பெயரறியா மனிதரின் பணி அவ்வழியே தொடரும். தாயும் மகளும் ஒரே வரியை ஒருங்கே படிப்பர்.