மயிலுக்கு வாய்த்த போர்வை

பாலசமுத்திரத்தைச் சூழ்ந்த சிற்றூர்ச் சிறுவர் பாடநூலின் ஏடுகளுக்கிடையே மயிலிறகை மறைத்து வைப்பர்; அது குட்டி போடும் என்று நாள்தோறும் திறந்து பார்ப்பர். ஆசிரியப் பணியில் இருந்த நாளில் அத்தகைய இறகுகள் பலவற்றைப் பிடுங்கி மேசையில் வைத்தவன் நான். இன்றாயின் அவ்விறகைக் கொண்டே பாடம் நடத்துவேன்.

நம் ஊருக்கு அண்மையிலுள்ள பழநி, சங்க காலத்தில் பொதினி எனப்பட்டது. ஆவியர்குடித் தலைவனான வையாவிக் கோப்பெரும் பேகன் இப்பகுதியை ஆண்டான். மயிலொன்று குளிரால் வருந்துகின்றதென்று எண்ணித் தன் போர்வையை அதற்கு ஈந்தான். அவ்வாடை மயிலுக்குப் பயன்படாதென்று அறிந்தே ஈந்தான் என்று புறநானூற்றில் பரணர் அவனைப் போற்றுகின்றார்.

மயிலுக்கு ஏன் போர்வை வேண்டாம்? பறவையின் உடல் வெப்பம் ஏறத்தாழ 40 பாகை செல்சியஸ். தோலையொட்டிய மென்தூவிகள் காற்றைச் சிறைப்படுத்தி அவ்வெப்பத்தைக் காக்கின்றன. அவற்றின் மேல் உறுதியான இறகுகள் கூரைபோல் படிந்துள்ளன. உதிர்ந்து கிடக்கும் காக்கைச் சிறகிறகு ஒன்றை எடுத்துப் பாருங்கள். நடுத்தண்டு, அதன் இருமருங்கும் கிளைகள், கிளைதோறும் நுண்கிளைகள், அவற்றில் கண்ணுக்குத் தெரியாச் சிறு கொக்கிகள். விரலால் பிரித்துவிட்டு மீண்டும் நீவினால் கொக்கிகள் கூடிக்கொள்ளும். பறவை அலகால் கோதிக்கொள்வது இதற்காகவே. மயில் தோகையின் நீண்ட இறகுகளிலோ கிளைகள் தனித்தனியே நிற்கின்றன. ஆதலால் அவை காற்றில் அசைந்தாடுகின்றன.

இனி, அதன் வண்ணம். 1665-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் இராபர்ட் ஹூக் மயிலிறகை நுண்ணோக்கியால் ஆராய்ந்தார். நனைத்தால் வண்ணம் மறைவதையும் உலர்ந்தால் மீள்வதையும் கண்டு, அது சாயத்தால் வந்ததன்று, ஒளியின் விளையாட்டே என்று துணிந்தார். 1934-இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்த நம் சர் சி. வி. இராமன் பனங்காடையின் நீல இறகை ஆராய்ந்து, அந்நிறமும் இறகின் அமைப்பால் தோன்றுவதே என்று விளக்கினார். மயிலின் நுண்கிளைகளில் கருநிறமிக் கோல்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ளன என்றும், அவற்றின் இடைவெளி மாறுவதால் நீலமும் பச்சையும் மஞ்சளும் பிறக்கின்றன என்றும் 2003-இல் சீன அறிஞர் காட்டினர். அம்மயிலிறகை இடித்துப் பொடியாக்கினால் நீலம் எஞ்சாது, கரும்பழுப்பே எஞ்சும்.

இவ்வழகே பறவைகளுக்குப் பகையும் ஆயிற்று. மேனாட்டு மாதரின் தொப்பிகளுக்காக எண்ணற்ற பறவைகள் கொல்லப்பட்டன. 1902-இல் இந்திய அரசாங்கம் இறகு ஏற்றுமதியைத் தடுத்தது. 1963-இல் மயில் நாட்டின் பறவையாயிற்று. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனைக் கொல்வதைக் குற்றமாக்கியது. ஆயினும் பயிரை மேய்கின்றதென்று நஞ்சிடுவோர் உளர். உழவரின் இழப்பு மெய்யே. அதற்கு ஈடு தேட வேண்டுமேயன்றி நஞ்சு வைத்தல் தகாது.

இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஆண்டுதோறும் ஆண்மயில் தன் தோகையைத் தானே உதிர்க்கின்றது. மாணவர்களே, அடுத்த முறை மயிலிறகு கையில் கிடைத்தால் தண்டின் அடியை உற்று நோக்குங்கள். தானே உதிர்ந்த இறகின் அடி உலர்ந்து தூய்மையாக இருக்கும். பிடுங்கியதில் குருதிக் கறை படிந்திருக்கலாம். கறையுள்ள இறகை விலை கொடுத்து வாங்காதீர்கள். பேகன் தன் போர்வையை மயிலுக்கு ஈந்தான். மயிலின் போர்வையை நாம் பறிக்காதிருப்போம்.