குருத்தணு மட்டும் போதுமா? மீன் மூளையின் மீளுருவாக்கம் குறித்து ஒரு மறுபார்வை

மீனின் மூளையில் பட்ட காயம் ஆறிப் புதிய நியூரான்கள் முளைக்கின்றன. மனித மூளையில் தழும்புதான் மிஞ்சுகிறது. மீனிடம் நரம்புக் குருத்தணுக்கள் ஏராளம், நம்மிடம் அரிது என்பதே இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். எண்ணிக்கை அளவில் இது சரிதான். முதிர்ந்த எலியின் மூளையில் நியூரான்கள் பிறக்கும் இடங்கள் முதன்மையாக இரண்டு. வரிக்குதிரை மீனில் 16. அம்மீனின் மூளையில் எந்த அரைமணி நேரத்தை எடுத்தாலும் சுமார் 6,000 செல்கள் பெருக்கத்தில் இருப்பதாக 2007இல் கணக்கிட்டனர். ஆயினும் குருத்தணு இருப்பதையே மீளுருவாக்கத்துக்குக் காரணமாகக் கொள்வது தவறு என்பது என் வாதம்.

இதற்கு வலுவான சான்று எலியிடமிருந்து அன்று, மற்றொரு மீனிடமிருந்தே கிடைக்கிறது. ஜப்பானின் நெல்வயல் மீனான மெடாக்காவின் பார்வை மூளையில் காயம் ஏற்படுத்தி, அதை வரிக்குதிரை மீனுடன் ஒப்பிட்ட ஆய்வு 2021இல் வெளியானது. மெடாக்காவிலும் ஆரை கிளியா எனப்படும் குருத்தணுக்கள் காயத்துக்குப் பின் பெருகின. ஆனால் அவற்றிலிருந்து நியூரான்கள் மிகக் குறைவாகவே உருவாயின. விதை இருக்கிறது, முளைக்கவும் செய்கிறது, விளைச்சல்தான் இல்லை. விழித்திரையிலும் இதே கதை. மெடாக்காவின் விழித்திரையில் துணைச்செல்களாக இருக்கும் முல்லர் கிளியா, ஒளியுணரிகளை மட்டுமே ஈடுசெய்கின்றன. காயத்துக்குப் பின் அணைந்துவிடும் சாக்ஸ்2 மரபணுவைத் தொடர்ந்து இயங்கச் செய்தபோது, அவை பிறவகைச் செல்களையும் உண்டாக்கத் தொடங்கின (2018).

அப்படியானால் தடை எங்கே இருக்கிறது? காயம் என்ற செய்தியைச் செல் எப்படி வாசிக்கிறது என்பதில். பாலூட்டிகளின் மூளையில் அழற்சி பெரும்பாலும் பகையாகவே பேசப்படுகிறது. ஜெர்மனியின் ட்ரெஸ்டனில் மைக்கேல் பிராண்ட் குழுவினர் 2012இல் காட்டியது இதற்கு நேர்மாறானது. காயமே இல்லாத வரிக்குதிரை மீனின் மூளையில் ஈஸ்ட்டின் செல்சுவரிலிருந்து எடுத்த சைமோசானைச் செலுத்தி அழற்சியை மட்டும் தூண்டினார்கள், குருத்தணுக்கள் பெருகின. இதில் லூக்கோட்ரையீன் என்ற அழற்சி மூலக்கூறு தூதாகச் செயல்பட்டது. ஆஸ்துமாவுக்குத் தரப்படும் மான்டெலுகாஸ்ட் மாத்திரை தடுப்பது இதே குடும்பத்து மூலக்கூறுகளின் ஏற்பியைத்தான். அந்த மருந்தை முதிய எலிகளுக்குக் கொடுத்தபோது மூளையில் நியூரான் பிறப்பு கூடி, கற்றலும் மேம்பட்டது (2015). மீனில் முடுக்கும் சமிக்ஞையே எலியில் தடையாகிறது என்றால், குருத்தணுவை எண்ணிக்கொண்டிருப்பதால் என்ன பயன்?

காயச் செய்தியைச் செல் வாசிக்கும் படிகளை அறிந்ததில் இந்திய ஆய்வாளர் ஒருவரின் பங்கு முக்கியமானது. மொகாலியின் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தில் (ஐஐஎஸ்இஆர்) ஆய்வகம் நடத்திவரும் ராஜேஷ் ராமச்சந்திரன், மிச்சிகனில் டேனியல் கோல்ட்மனுடன் பணியாற்றியபோது 2010இல் வெளியிட்ட கட்டுரை, விழித்திரை மீள்வதற்கான படிவரிசையைத் தெளிவாக்கியது. ஆஸ்கல்1ஏ மரபணு லின்28ஐ எழுப்புகிறது. லின்28 லெட்-7 என்ற நுண் ஆர்என்ஏவை அடக்குகிறது. அதன்பின் முல்லர் கிளியா தன் முதிர்ந்த அடையாளத்தைக் கைவிட்டுக் குருத்தணுவாகிறது. எலியிலும் ஆஸ்கல்1 இருக்கிறது. ஆனால் முதிர்ந்த எலியில் அதை மட்டும் இயக்கினால் போதவில்லை. டிஎன்ஏவைப் பொதிந்திருக்கும் குரோமாட்டினின் இறுக்கத்தைத் தளர்த்தும் மருந்தையும் சேர்த்த பிறகே கிளியாவிலிருந்து நியூரான்கள் கிடைத்தன (2017).

வரிக்குதிரை மீனையும் அளவுக்கு மீறிப் புகழ வேண்டாம். முதிர்ந்த அம்மீனின் சிறுமூளையில் சிறுமணி நியூரான்கள் மீள்கின்றன. வெட்டுக்காயத்துக்குப் பின் பர்கின்ஜி செல்கள் அரிதாகவே மீள்கின்றன. வயதும் குறுக்கிடுகிறது. ஆப்பிரிக்கப் பருவகாலக் குட்டைகளில் வாழும் கில்லி மீன் இளமையில் முன்மூளைக் காயத்தை நன்றாக ஆற்றிக்கொள்கிறது. முதுமையில் பாலூட்டிகளைப் போலத் தழும்பை விடுகிறது.

ஆகவே மீனுக்கும் எலிக்கும் இடையிலான ஒப்பீட்டைவிட, மீனுக்கும் மீனுக்கும் இடையிலான ஒப்பீடே இன்று தேவை. மெடாக்காவின் குறை அதன் பெருங்குழு முழுவதற்கும் உரியதா, அதற்கு மட்டுமே உரியதா? அதே பெருங்குழுவைச் சேர்ந்த கில்லி மீன் இளமையில் மீள்வதால், இரண்டாவதே உண்மையாக இருக்கலாம் என நினைக்கிறேன். ஆனால் இரண்டு இனங்களை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. இந்தக் கேள்விக்கு விலையுயர்ந்த மீன்கள் வேண்டியதில்லை. திண்டுக்கல் மாவட்டத்தின் குஜிலியம்பாறை, வேடசந்தூர்ப் பக்கத்துக் கண்மாய் மீன்களே போதும். கெண்டையும் அயிரையும் வரிக்குதிரை மீனின் வரிசையைச் சேர்ந்தவை. குரவையோ மெடாக்கா சேர்ந்திருக்கும் பெருங்குழுவில் வருகிறது. ஒரே நீரில் வாழும் இரு கிளைகளையும் ஒரே வகைக் காயத்துக்கு உட்படுத்தி, ஒரே கால இடைவெளிகளில் பார்க்கலாம். புதிய செல்களுக்கு அடையாளமிடும் பிஆர்டியூ, மெல்லிய திசுச்சீவல்கள், ஒளிரும் நுண்ணோக்கி, மயக்கத்துக்கு டிரைக்கேன், விலங்காய்வு நெறிக்குழுவின் ஒப்புதல் ஆகியவை இருந்தால் தொடங்கிவிடலாம். திண்டுக்கல் வட்டாரக் கல்லூரிகளின் விலங்கியல் துறைகள், முதுகலை மாணவர்களுக்கான ஆய்வுத் தலைப்புகளில் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.