செவ்ர் பூச்சாடிகளும் திப்புவின் வேண்டுகோளும்

இலங்கையின் வலப்பனைச் சரிவுகளில் பிற்காலத்தில் வேரூன்றிய தேயிலை, 18ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்தே ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. அதனுடன் சென்ற சீனப் பீங்கானை விலை கொடுத்து வாங்கிய அரசவைகள், நாளடைவில் அதனைத் தம் மண்ணிலேயே வனைய விரும்பின.

பீங்கானின் இரகசியம் அதன் மூலப்பொருளில் இருந்தது. கயோலின் எனப்படும் வெண்களிமண்ணையும் பெல்ஸ்பார் கலந்த கல்லின் பொடியையும் குழைத்துக் கடும் வெப்பத்தில் சுட்டால்தான் ஒளி ஊடுருவும் வெண்ணிறக் கலம் கிடைக்கும். சீனாவின் சிங்தெசென் நகரப் பீங்கான் தொழிலைப் பற்றிப் பாதிரியார் தாந்த்ரகோல் 1712இலும் 1722இலும் எழுதிய கடிதங்கள் இம்முறையைப் பிரான்சுக்கு விளக்கின. ஆயினும் அங்குக் கயோலின் அகப்படாமையால், 1740இல் வின்சேனில் தொடங்கி 1756இல் செவ்ருக்கு மாறி, 1759இல் பதினைந்தாம் லூயியின் உடைமையான பட்டறை, கண்ணாடிக் கலவை சேர்த்த ‘மென்பீங்கானை’யே செய்துவந்தது. லிமோழ் அருகே 1768இல் கயோலின் கண்டறியப்பட்ட பின்னரே செவ்ரில் வன்பீங்கான் உருவாயிற்று.

மூலப்பொருள் கைக்கு எட்டும் முன்பே சீனக் காட்சிகள் செவ்ர் கலங்களில் இடம்பெற்றுவிட்டன. சீனாவைக் காணாத ஐரோப்பிய ஓவியர்கள் கற்பனையில் தீட்டிய இப்பாணி ‘ஷினுவாசெரி’ எனப்பட்டது. 1760ஆம் ஆண்டையொட்டிச் செவ்ர் ஓவியர் ஷார்ல் நிக்கோலா தொதேன் இப்பாணியில் ஓவியம் தீட்டிய கலங்களுள், பதினைந்தாம் லூயியின் காதற்கிழத்தி மதாம் தெ பொம்பதூருக்கு உரியதாயிருந்த, கப்பல் வடிவிலான நறுமணச் சாடி புகழ்பெற்றது. மெருகின்மேல் தீட்டிய வண்ணங்களையும் பொன்னையும் குறைந்த வெப்பத்தில் மீண்டும் மீண்டும் சுட்டுப் பதிக்க வேண்டியிருந்ததால், ஒவ்வொரு சூளையேற்றத்திலும் கலம் பழுதாகும் அபாயம் இருந்தது. விலையும் அதற்கேற்ப உயர்ந்தது.

இத்தொழிலின் மதிப்பைத் தென்னிந்தியாவில் நன்குணர்ந்தவர் மைசூர் மன்னர் திப்பு சுல்தான். 1787இல் புதுச்சேரியிலிருந்து புறப்பட்ட அவருடைய தூதர்களான முகமது தர்வேஷ் கான், அக்பர் அலி கான், முகமது உஸ்மான் கான் ஆகிய மூவரையும் 1788 ஆகஸ்டில் பதினாறாம் லூயி வெர்சாயில் வரவேற்றார். செவ்ர் பட்டறையையும் பார்வையிட்ட அவர்கள், திப்புவுக்கான அன்பளிப்பாக அங்குச் செய்யப்பட்ட பீங்கான்களைப் பெற்றனர். ஆங்கிலேயருக்கு எதிரான படைத்துணையை நாடிய திப்பு, பீங்கான் செய்வோர் உள்ளிட்ட கைவினைஞர்களையும் அனுப்புமாறு வேண்டியிருந்தார். அரண்மனையை அழகுபடுத்த அன்பளிப்புக் கலங்களே போதும். ஆனால், தொழில் தன் நாட்டில் நிலைக்க வேண்டுமெனில் அதைக் கற்பிப்போர் வரவேண்டும் என்பதை அறிந்திருந்த ஆட்சியாளரின் வேண்டுகோள் அது.

அவ்வறிவின் உண்மை இலங்கையிலும் மெய்ப்பட்டது. வலப்பனைக்கு வடமேற்கேயுள்ள மாத்தளைப் பகுதியில் பெல்ஸ்பார் நெடுங்காலமாக நிலத்தடியில் கிடந்தபோதும், 1970களில் யப்பானிய நொரிடாகே நிறுவனத்தின் தொழில்நுட்பம் அங்கு வந்து சேர்ந்த பின்னரே, ஏற்றுமதித் தரமுள்ள பீங்கான் அம்மாவட்டத்தில் உருவாயிற்று.

(தொடரும்)